தாளில் ஏறாத காயம்



கையில் மாவுக்கட்டோடு வரிசையாக நிற்கும் இளைஞர்களின் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'கழிவறையில் வழுக்கி விழுந்தார்' என்று செய்தியில் ஒரு வரி இருக்கும். பார்த்துச் சிரித்தவர்களில் நம் தெருப் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சிரிப்பைப் பற்றி இன்னொரு நாள் பேச வேண்டும். இன்று அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசுவோம். போலீஸ் அடித்த வழக்குகளில் பெரும்பாலானவை தோற்பது அங்கேதான். அடித்தவர் முதலில் எழுதிவிடுகிறார். அடிபட்டவர் எழுதுவதற்குள் காயம் ஆறிவிடுகிறது.

1993-இல் முதனை கிராமத்துக் குறவர் ராஜாகண்ணுவைக் கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோனது. பிறகு 'தப்பி ஓடிவிட்டார்' என்று எழுதி வைத்தது. அவர் மனைவி பார்வதி அம்மாள் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டதால்தான் அந்த வரி பொய்யென்று வெளிப்பட்டது. காவலர்களுக்குத் தண்டனை வர 2006 ஆகிவிட்டது. 'ஜெய் பீம்' படத்தை இரண்டரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். அந்த அம்மாள் காத்திருந்தது பதின்மூன்று ஆண்டு.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. 'உன்னை அடித்தார்களா?' என்று நடுவரே கேட்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை கேட்கும் உரிமை உண்டென்று சொல்லவும் வேண்டும் என்று ஷீலா பார்சே வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கேள்வி கேட்கப்படும்போது அடித்தவரே பக்கத்தில் நிற்கிறார். யார் வாய் திறப்பார்? அதனால்தான் அன்றைக்கு ஒரு வழக்கறிஞர் அங்கே இருக்க வேண்டும் என்கிறோம். எங்கே அடித்தார்கள், எதனால் அடித்தார்கள் என்பது ரிமாண்ட் உத்தரவில் பதிவாக வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காயங்களோடுதான் மருத்துவச் சான்று பெற்று, ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். மருத்துவர், நடுவர், சிறை என்று மூன்று வாசல்களைத் தாண்டியிருக்கிறார்கள். ஒன்றிலும் யாரும் தடுத்து நிறுத்தவில்லை.

மருத்துவமனையில் பயத்தில் 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டால், விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறும். பிறகு எந்தக் குறுக்கு விசாரணையாலும் அதை அழிப்பது கடினம். எத்தனை பேர், லத்தியா பூட்ஸ் காலா, எந்த நாள், எந்த நேரம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தரப்பட வேண்டும் என்பது சட்டம்; புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 53-ஆவது பிரிவு. காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்பது டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பு.

கேமராவையும் மறக்கக் கூடாது. சாத்தான்குளம் நிலையத்தின் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நடுவர் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே நாம் கொடுக்கும் முதல் மனுவே, நாளும் நேரமும் குறிப்பிட்டு, பதிவை அழிக்காதே என்பதாக இருக்கட்டும்.

நிலையத்தில் புகார் வாங்கமாட்டார்கள். எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டு நடுவரிடம் போகலாம். புதிய சட்டத்தின் 175(4) இங்கே ஒரு முட்டுக்கட்டை: அலுவல் கடமையின்போது நடந்ததென்றால், மேலதிகாரியின் அறிக்கையையும் குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தையும் பார்த்த பிறகே விசாரணைக்கு உத்தரவிட முடியும். லாக்கப்பில் அடிப்பது எந்த அலுவல் கடமை என்று அங்கேயே கேட்க வேண்டும்.

சாதி சொல்லித் திட்டியிருந்தால், அந்தச் சொல் முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். 'அதை விட்டுவிடுங்கள், வழக்கு சீக்கிரம் நகரும்' என்று சொல்லும் வழக்கறிஞர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அரசு ஊழியர் செய்யும் குற்றத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. கடமை தவறும் அதிகாரிக்கு 4-ஆவது பிரிவு. சாட்சிகளின் பாதுகாப்புக்கு 15ஏ.

மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். ஒடிசாவில் 22 வயது மகனை ரயில் பாதையில் பிணமாகக் கண்ட நீலாபதி பெஹெரா, உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதினார். அதுவே ரிட் மனுவானது. 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு வந்தது. இழப்பீடு வாங்கினால் குற்ற வழக்கு முடிந்துவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வருவார்கள். இரண்டும் வேறு வேறு.

காவலில் இருந்தவருக்குக் காயம் என்றால், அதைப் போலீஸ்தான் செய்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என ஒரு பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1985-இல் தன் 113-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இல்லை. ஆகவே நிரூபிக்கும் சுமை இன்னும் அடிபட்டவர் தலையில்தான்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். முதல் வேலை, அவரவர் ஊர் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகல் வாங்க யாரிடம் மனு கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் தருகிறார்கள் என்று கேட்டு எழுதி வருவது.