வாள்வால் மீன் வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

(குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம்ம லயங்களில் மீன் தொட்டி வைக்கும் வீடுகள் கூடி வருகின்றன. நல்ல விஷயம். ஆனால் போன மாதம் ஒரு பிள்ளை அழுதுகொண்டு நம்மிடம் வந்தது. "ஐயா, உண்டியல் காசுல சின்னதா ஒரு சோடி வாள்வால் மீன் வாங்கி வளர்த்தேன். குஞ்சு வித்து கொப்பி வாங்கலாம்னு இருந்தேன். பெருசாகி ஆறு மாசம், ஒரு குஞ்சும் இல்ல" என்றது. வீட்டிலோ, 'நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை' என்று அதற்குத்தான் ஏச்சு.

நாம் போய்ப் பார்த்தோம். தொட்டி சுத்தம். மீன் இரண்டும் வால் இரு கிளையாக நீண்ட 'லயர் டெயில்'. இதே வகையை மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சானில் நமது உறவினர் வீட்டிலும் கண்டிருக்கிறோம். அங்கே தொட்டி நிறையக் குஞ்சு. அவர்களிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது.

மெக்சிக்கோ, மத்திய அமெரிக்க ஓடைகளைச் சேர்ந்த இந்த மீன் முட்டையிடாது, குஞ்சு போடும். ஆணின் வயிற்றடிச் செட்டை ஒன்று குழாய்போல மாறி, அதனால்தான் பெண் சினையாகும். லயர் டெயில் ஆணுக்கு எல்லாச் செட்டையும் நீளும்போது அதுவும் அளவுக்கு மிஞ்சி நீண்டு உதவாமல் போகிறது.

ஆகவே லயர் டெயில் பெண்ணுடன் சாதா வாள் உள்ள ஆணை விடுங்கள். குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி லயர் டெயிலாக வரும். மீதிப் பாதியில் வரும் சாதா ஆண்களை ஒதுக்காதீர்கள். வம்சத்தைக் கொண்டுபோவது அவைதான்.

பெண் ஒருமுறை சேர்ந்தால் பல மாதம் குஞ்சு போடும். அதனால் நிறம் கலக்காதிருக்க, வாள் முளைக்கத் தொடங்கும் ஆண்களை உடனே பிரியுங்கள். சுமார் 4 வாரத்தில் குஞ்சு வரும். தாயே தின்றுவிடும், ஆகவே பாசி நிறையப் போடுங்கள். இது துள்ளும் மீன், தொட்டிக்கு மூடி வேண்டும். குளிர் கூடிய தோட்டங்களில் தண்ணீர் 22 பாகைக்குக் கீழே இறங்காமல் பாருங்கள். மிஞ்சியதை ஆற்றில் விடாதீர்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஓடைகளில் இப்படி விட்டவை பெருகிவிட்டன.

அந்தப் பிள்ளையின் தொட்டியில் இப்போது ஒரு சாதா ஆண் நீந்துகிறது. பெற்றோரே, பிள்ளையை ஏசுமுன் காரணத்தைத் தேடுங்கள்.