மூன்றாமவர் இல்லாத உடன்படிக்கை
(அட்டனில் ஆற்றிய உரை)



அரசும் தனியாரும் பங்காளிகளாகி நகரங்களை எழுப்புவதே முன்னேற்றம் என்று நமக்குப் போதிக்கப்படுகிறது. கொழும்பிலே 269 ஹெக்டேயர் கடலைத் தூர்த்துத் துறைமுக நகரம் அமைத்தார்கள். முதலிட்ட சீனக் கம்பனிக்கு அதில் 116 ஹெக்டேயரை 99 ஆண்டுக் குத்தகையாக வழங்கினார்கள். கடலோரச் செய்தி மலைநாட்டுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இத்தகைய பங்காளித்துவத்தின் பலனை நெடுங்காலமாக அனுபவித்து வருபவர்கள் நாமல்லவா?

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது 2045 வரை நீளும் 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. அரசு தன் நலங்காக்கக் கம்பனிகளில் ‘பொன் பங்கு’ ஒன்றை வைத்துக்கொண்டது. கம்பனியோ நிலத்தின் பயனைப் பெற்றது. லயத்தில் வாழும் தொழிலாளி மட்டும் அக்குத்தகையில் ஒரு தரப்பினர் அல்லர்.

விளைவு யாது? காணி அரசினது, கைவசம் கம்பனியினது, தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு உறுதி இல்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டுக்குப் பணம் வந்தால் போதுமா? அதை எழுப்ப வேண்டிய 7 பேர்ச்சஸ் நிலத்தைக் கம்பனி விடுவித்தாக வேண்டும். அரசிடம் முறையிட்டால் கம்பனியைக் காட்டுகிறது. கம்பனியிடம் சென்றால் அரசைக் காட்டுகிறது.

தனியார் முதலே வேண்டாம் என்பதன்று நம் வாதம். ஆலைக்கும் வீதிக்கும் முதல் வேண்டும். ஆனால் நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. இருவர் செய்யும் உடன்படிக்கையிலே மூன்றாமவரின் நன்மைக்கு ஒரு சரத்தை எழுதலாம்; அவர் அதை ஏற்றபின் தாமே நீதிமன்றில் அதை வலியுறுத்தலாம். சட்டம் தரும் இடத்தை அரசு ஏன் பயன்படுத்தக் கூடாது?

ஆகவே நாம் கோருவன மூன்று. தோட்டக் காணியில் விடுதியோ நகரமோ எது வந்தாலும், குடியிருப்பு நிலத்தை முதலில் அளந்து பிரித்து, குடியிருப்போர் பெயரில் உறுதி எழுதுக. உடன்படிக்கையைக் கையொப்பத்துக்கு முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுக. வாக்கு மீறப்பட்டால் குடியிருப்போரே வழக்கிடும் உரிமையை அதிலே எழுதுக.

2045 தொலைவில் இருப்பதாக எண்ணி உறங்கிவிடாதீர்கள். அடுத்த குத்தகையின் வாசகம் இன்றே பேசப்பட வேண்டும். தோட்டந்தோறும் கூடுவோம், கோரிக்கையை எழுத்தில் வைப்போம். மண்ணை வளமாக்கியவர்களின் பெயர் இல்லாத உடன்படிக்கை இனி இம்மலையில் எழுதப்படலாகாது!