மகபதியும் பாண்டியனும்



ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தைப் பேச வந்தவன் பம்மலில் தொடங்குகிறானே என்று எண்ணவேண்டாம். 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் அரிதாரம் பூசவைத்து, ஏறத்தாழ நூறு நாடகங்களை எழுதிக் குவித்து, அந்த ‘மக்பெத்’தையே ‘மகபதி’ எனத் தமிழில் நடமாடவிட்ட சம்பந்த முதலியார், வாழ்நாளெல்லாம் தம் பெயருக்கு முன்னே சுமந்தது இதோ நம் பம்மலையல்லவா!

கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அவரைக் ‘கூத்தாடி’ என்றவர்கள் அன்றும் இருந்தார்கள். ‘வெறும் தழுவல்தானே, சொந்தச் சரக்கா?’ என்று கேட்கும் பண்டிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெயர் சொல்லி அவர்களை நான் உயர்த்தப் போவதில்லை. அந்த நாடகத்தின் நெஞ்சை அவர்கள் தொட்டுப் பார்த்ததுண்டா?

போர்க்களத்தில் எதிரிகளைக் கூறுபோட்ட சேனாதிபதி மகபதி, தன் மாளிகைக்கு விருந்தாளியாக வந்து துயின்ற முதிய அரசனைக் குத்திக் கொன்றுவிட்டு, இரத்தம் தோய்ந்த கரங்களோடு மனைவியிடம் வந்து என்ன சொல்கிறான்? துயிலிடையே விழித்த இருவர் தெய்வத்தைத் துதித்தபோது, ‘ஆமென்’ என்னும் ஒரு சொல் தன் தொண்டையைவிட்டு எழவில்லையே என்று, அதையே திரும்பத் திரும்பப் புலம்புகிறான். செய்ததைக் கொலை என்று சொல்ல நா எழாமல், செயல் என்கிறான். கொஞ்சம் தண்ணீரில் எல்லாம் போய்விடும் என்று அவனைத் தேற்றிய அந்த மனைவியோ, செய்யுளில் கம்பீரமாகப் பேசிவந்தவள், பின்னர் உறக்கத்தில் விளக்கேந்தி நடந்து, இல்லாத கறையைத் தேய்த்துத் தேய்த்து, மணியோசையும் கதவோசையும் கிழவனின் இரத்தமுமாக உடைந்த உரைநடையில் பிதற்றுகிறாள். யாப்புக் குலைந்த இடத்திலே மனம் குலைந்ததைக் காட்டினானே ஷேக்ஸ்பியர், அவன் மகாகவி!

நமக்கு இது அந்நியமா? கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த கணத்தில், பாண்டியன் தன்னைத்தானே கள்வன் என்று தீர்ப்பளித்து, அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்டான். குற்றத்தை வாய்விட்டு உரைத்தவன் அக்கணமே மாண்டான். உரைக்க மாட்டாத மகபதி, உறக்கமிழந்து, கொலைமேல் கொலை செய்து வாழ்ந்தான். என்னைக் கேட்டால், பாண்டியனின் மரணமே மேலானது. தமிழன் மகபதியைப் புரிந்துகொள்ள அந்தப் பாண்டியனே போதும். பம்மலாருக்கு அந்த நம்பிக்கை இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

பிப்ரவரி 1 அவர் பிறந்த நாள். அன்று, பம்மலிலேயே பந்தலிட்டு ‘மகபதி’யை ஆடிக் காட்டுங்கள் என்று இந்தத் தாம்பரம் மாநகராட்சிப் பெருமக்களை இருகரம் கூப்பி வேண்டுகிறேன்.