கேட்காமல் வந்த பாட்டு

செல்போனால் வசதி பெருகியது என்று எதிரணி அம்மையார் அழகாகப் பேசினார்கள். வசதிதான். யாருக்கு?

2012-ல் நடந்தது. தென்காசிக்குப் பக்கத்துல குத்துக்கல்வலசையில எங்க மாமா தவறிட்டாங்க. காரியம் முடிஞ்சு வீடு திரும்பி, வந்து சேர்ந்துட்டேன்னு சொல்ல அத்தைக்குப் போன் போடறேன். மணி அடிக்கலை, குத்துப்பாட்டு அடிக்குது! (சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. அத்தை அழுதாங்க. "ஏய்யா, துட்டி கேட்கக் கூப்பிட்டவுக எல்லாம் ஒரு மாதிரிப் பேசுனாக. நான் பாட்டு ஒண்ணும் வைக்கலியே!" ஆமாம். அவங்க அந்தப் பாட்டைக் கேட்கவும் இல்லை, அது அவங்களுக்குக் கேட்கவும் இல்லை. (கைதட்டல்) ஏதோ அழைப்பு வந்திருக்கு, ஏதோ பொத்தானை அமுக்கியிருக்காங்க. மாசம் 30 ரூபாய் போயிருக்கு!

2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. இப்படிப்பட்ட கட்டணச் சேவைக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும். நிறுத்துவதற்கு 155223 என்ற ஒரே எண். கல்யாணத்துக்கே பொண்ணுகிட்ட ஒரு தடவைதான் சம்மதம் கேட்கிறோம்! (சிரிப்பு) முப்பது ரூபாய்க்கு இரண்டு தடவை கேள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை அத்தைகளிடம் கேட்காமலே எடுத்திருப்பார்கள்?

உத்தரவு வந்துவிட்டது. அதை அத்தைக்கு யார் சொல்வது? நாம்தான். இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் போனை வாங்கிப் பாருங்கள். காசு மிஞ்சுகிறதோ இல்லையோ, நம்மையும் கேட்க ஆள் இருக்கு என்று அவர்கள் மனசு குளிரும். (பலத்த கைதட்டல்)