தராசையும் சேர்த்துக் கேளுங்கள்!



"ஒழுங்காக உழைத்தால் சம்பளம் தானாக உயரும், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை" என்றார் எதிரணி நண்பர். அவரைக் கேமரன் மலைக்குத்தான் அழைத்துப் போக வேண்டும்! பகாங் மாநிலத்தின் அந்த மலையில் 1929-இல் 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டை வெட்டிச் செடி நட்டதில் தமிழர் கைகளும் உண்டு. அந்தக் கைகளுக்குத் தெரியும், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று.

ஆனால் அழுதால் மட்டும் போதாது. எதைக் கேட்பது என்றும் தெரிய வேண்டும். கொழுந்து பறிப்பவர் சம்பளம் பாதி ஆபீசில் முடிவாகிறது, பாதி தராசில் முடிவாகிறது. கூலி எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அதற்கு எத்தனை கிலோ என்பது இன்னொரு கணக்கு.

கேரளத்து மூணாறைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் அங்கே தமிழ்ப் பெண்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்று திரண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கிடைத்தது. நாள் கூலி 500 ரூபாய் கேட்டார்கள். அக்டோபரில் 232 ரூபாய் 301 ஆனது. பெரிய வெற்றிதான். ஆனால் கூடவே, பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது! ஒரு கை கொடுத்தது, மறு கை வாங்கிக்கொண்டது.

தீபகற்ப மலேசியாவில் 2013-இல் 900 ரிங்கிட்டில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025-இல் 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கும் இது பொருந்தும். இன்று அந்த மலையில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். கொழுந்து குறைந்த மாதத்தில், மாதம் முழுவதும் வேலைக்கு வந்தவர் கையில் 1,400 ரிங்கிட்தான் வந்தது என்றால், மீதி 300 ரிங்கிட் அவர் கேட்கும் சலுகை அல்ல; அவருக்குச் சேர வேண்டிய பணம்.

ஆகவே, சம்பளம் கேட்கப் போகிறவர் நிறுவைச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் மாதாமாதம் பத்திரப்படுத்தட்டும். தனியாகப் போகாமல் நாலு பேரோடு போகட்டும். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதிக் கொடுக்கட்டும். "கூலியை உயர்த்துங்கள், கிலோவை உயர்த்தாதீர்கள்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கட்டும். மறுத்தால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

கேட்காமல் கிடைக்காது, கணக்கில்லாமல் கேட்டால் கிடைத்ததும் நிலைக்காது!