லாகிரி என்றால் பாட்டில் மட்டும்தானா?

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

 

மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன கேட்கிறோம்? "பையனுக்கு ஏதாவது பழக்கம் உண்டா?" "அல்ஹம்துலில்லாஹ், எந்தப் பழக்கமும் கிடையாது!" பையன் குடிப்பதில்லை என்று அர்த்தம். அவன் சட்டைப் பையில் கிடக்கும் குட்கா பொட்டலம் கணக்கில் வராது! கள், கஞ்சா, அபின் முதல் புகையிலை வரை 'லாகிரி வஸ்து' என்று ஒரே சொல்லில் அடக்கினார்கள் நம் பெரியவர்கள். நாம் 'போதை' என்கிறோம். அதையும் பாட்டிலோடு நிறுத்திவிட்டோம்.

குர்ஆனின் சொல் 'கம்ர்'. மூடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். பெண்கள் தலையை மூடும் 'கிமார்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை என ஐந்தை எண்ணிச் சொன்னார்கள். அதோடு விட்டார்களா? அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ர் என்று முடித்தார்கள். புகாரியில் இருக்கிறது. பொருளின் பெயரை அல்ல, அது செய்யும் வேலையைப் பார்த்தார்கள். ஆகவே கஞ்சாவுக்கும் போதை மாத்திரைக்கும் தனி ஆயத்து தேடி அலைய வேண்டாம்.

புகையிலை அறிவை மூடுவதில்லையே என்பீர்கள். உண்மை. மக்ரூஹ் என்ற உலமாக்களும் உண்டு, ஹராம் என்றவர்களும் உண்டு. நான் அதைக் கம்ர் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிகோட்டின், விட நினைப்பவனையும் விடுவதில்லை. வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்டது. குட்காவில் பாக்கும் புகையிலையும் சேர்ந்தே இருக்கின்றன. வாய் இறுகி, ஒரு கவளம் சோறு நுழைய வழியில்லாமல் போகும். தன்னைத் தானே அழிவில் தள்ளாதே என்ற இறைக்கட்டளை இதற்குப் பொருந்தாதா?

குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது. அதன் பிறகு கடை வாசலில் தொங்கிய சரம் கல்லாவுக்கு அடியில் போனது. அவ்வளவுதான்!

ஒரு கடைக்கார சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், நான் எடுத்துவிட்டால் அவன் பக்கத்துக் கடைக்குப் போவான். டீயும் பன்னும் அங்கேயே வாங்குவான்." நியாயமான கவலைதான். ஒருவர் மட்டும் எடுத்தால் நஷ்டம் அவருக்கு மட்டும். எல்லாக் கடையும் ஒரே நாளில் எடுத்தால்? வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் கடைக்காரர்கள் எல்லோரும் உட்காருவோம். மொத்த வியாபாரியிடம் பாக்கி வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கையும் கொண்டு வாருங்கள்.