கடைசி வரிசையின் கவனம்

 

எம்.சி.ராஜாவை நாம் பெரும்பாலும் சட்டமன்றத்தில் நின்று பேசிய தலைவராகவே நினைவுகூர்கிறோம். அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்ற குழந்தைப் பாடல் நூலைக் கொண்டுவந்தவர். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை விலக்கி ஆதிதிராவிடர் என்றே அரசு வழங்க வேண்டும் என்று 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. குழந்தைகளுக்குப் பாட்டு, மக்களுக்குப் பெயர் என்ற இந்த இரண்டையும் ஒரே வேலையாகப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சு. ஒரு பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதற்கும், அது பாடத்தைக் காதுகொடுத்துக் கேட்குமா என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

“இந்த ஏரியா பசங்களுக்குக் கவனமே நிக்காது” என்று பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, நம் வடசென்னைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஒரு காயை நோக்கி மூச்சடக்கி உட்காரும் அந்தப் பெண்ணுக்குக் கவனம் இல்லையா? வியாசர்பாடி முல்லை நகர் திடலில் பந்து போகும் பக்கமெல்லாம் கண் போகிற சிறுவனுக்குக் கவனம் இல்லையா? கவனம் இருக்கிறது. வகுப்பறைக்குள் வந்ததும் அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கான பதிலை அண்ணல் அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையிலேயே பார்க்கலாம். சாத்தாராவில் அவர் வகுப்பின் மூலையில், வீட்டிலிருந்து தானே கொண்டுபோன கோணித் துணியில் உட்கார்ந்தார். பள்ளியைக் கூட்டுகிற பணியாள் அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் பள்ளி அவருக்குச் சொன்ன முதல் பாடம். அதற்குப் பிறகே எழுத்தும் கணக்கும்.

இன்று கோணி இல்லை. ஆனால் பட்டியல் இருக்கிறது. நான் படித்த ஒரு பள்ளியில் உதவித்தொகைப் படிவம் வந்தால், “எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திரு” என்பார்கள். எழுந்து நிற்போம். உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த பாடவேளையில் சொன்ன எதுவும் எங்கள் காதில் ஏறாது. அந்த ஒரு மணிநேரத்தை எந்த ஆய்வாளரும் ‘ஆர்வமின்மை’ என்று எழுதிவிட முடியும்.

நம் முன்னோர் பள்ளிக்குள் நுழைவதோடு நின்றுவிடவில்லை; எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதையும் பார்த்தார்கள். 1894இல் அடையாறில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகளில், பாமர், கோர்ட்ரைட் என்ற அமெரிக்க ஆசிரியைகள் கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். பார்த்தும் தொட்டும் செய்தும் கற்பது அன்று சென்னையில் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. சேரிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

அதற்கு நூறாண்டுக்குப் பிறகு, 2003இல், சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலி முறையிலிருந்து எடுத்தது. அன்றைய மாநகராட்சி ஆணையர் விஜயகுமார் முன்னின்று நடத்தினார். பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. பிள்ளை தன் வேகத்தில் ஏணியின் படிகளை ஏறியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில், சுவரைச் சுற்றிக் கரும்பலகை. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி உட்கார்ந்தார். 2007-08இல் அது தமிழகம் முழுதும் பரவியது. ஆசிரியர்களின் வேலைப் பளு பற்றி நியாயமான விமர்சனங்களும் வந்தன. ஆனாலும் ஒன்றை அது காட்டியது: வட்டமாக உட்கார்ந்தால் கடைசி வரிசை என்று ஒன்று இருக்காது.

2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கை பற்றிப் பள்ளிக் கல்வித்துறை பேசியபோது, கழுத்து வலிக்கும் என்று எத்தனை குரல்கள் எழுந்தன! கழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாகக் கடைசி பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்த கழுத்துகளைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கை, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொல்கிறது. இருக்கை என்பது சாதியின் விஷயம் என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது.

இருக்கையை மாற்றினால் மட்டும் போதுமா? பாடத்துக்குள்ளும் பிள்ளைக்கு இடம் வேண்டும். பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே எழுத்தறியாத உழைப்பாளிகளுக்குச் ‘செங்கல்’ போன்ற, அவர்கள் கையில் புழங்கிய சொற்களிலிருந்தே எழுத்தைக் கற்பித்தார். நம்மிடம் அப்படிப்பட்ட சொற்களுக்குப் பஞ்சமா? கேரம் பலகையின் ஓரத்தில் பட்டுத் திரும்பும் ஸ்ட்ரைக்கரில் ஒளி எதிரொளிப்பு விதி இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. எண்ணெய் ஏன் நீரில் மிதக்கிறது என்ற அடர்த்திப் பாடத்தை, படகிலும் வலையிலும் கறை கண்ட பிள்ளைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனிடம் கேட்டாலே போதும். அப்பா வேலை செய்யும் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரியும் கணக்குப் பாடத்துக்குள் வரட்டும்.

மாலை வகுப்பு நடத்தும் மாணவத் தோழர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள். ‘டேய்’, ‘ஏய்’ வேண்டாம். வாரந்தோறும் இருக்கையை மாற்றுங்கள். உங்கள் பகுதிப் பள்ளிகளில் உதவித்தொகைக்காகப் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். அப்படி நடந்தால், தனியே அழைத்துப் படிவம் கொடுக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். நம் அமைப்புகள் உடன் வரும்.

இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அரசாணைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.

ஜெய்பீம்.